கேம்ப்புக்கு யார் போறது?

(பாட்காஸ்ட் பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் ஒரு ஃபோட்டோவைப் பத்திப் பேசலாம்.

சர்ச் யூத் குரூப் வாட்ஸாப்ல இருக்கிறவங்க இதைக் கண்டிப்பா பாத்திருப்பீங்க. ஏதோ ஒரு வெளிநாட்டு ஊர், பெரிய மைதானம், எல்லார் முதுகுலயும் ஒரே மாதிரி பை, கையில இந்தியக் கொடி. நம்ம ஆளுங்க ரெண்டு பேர் மூணு பேர் சிரிச்சிட்டு நிப்பாங்க. கீழ ‘சர்வதேச இளையோர் முகாம்’னு எழுதியிருக்கும். ஒரு லைக் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுவோம்.

நான் ராயபுரத்துக்காரன். பத்து வருஷத்துக்கு மேல யூத் குரூப்ல வேலை பாக்கிறேன். இந்த மாதிரி கேம்ப்புக்கு யாராவது கிளம்பினா ஃபார்ம் நிரப்புற வேலை கடைசியில எங்கிட்டதான் வந்து நிக்கும். அதனால ஃபோட்டோல இல்லாதவங்களையும் எனக்குத் தெரியும். இந்த கேம்ப்பெல்லாம் யாருக்காக ஆரம்பிச்சது, இப்போ யார் போறாங்க? இன்னிக்கு அதைத்தான் பேசப் போறேன்.

முதல்ல கொஞ்சம் வரலாறு.

1844, லண்டன். ஜார்ஜ் வில்லியம்ஸ்னு ஒருத்தர், வயசு 22. துணிக்கடை ஊழியர். நம்ம பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல தீபாவளி நேரத்துல நிக்கிற பசங்களை நினைச்சுக்கங்க, அதே வேலைதான். காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நின்னுட்டே இருக்கணும், தூங்குறதும் கடை மாடியிலேயே. அந்த மாடி ரூம்ல அவரும் கூட வேலை செஞ்சவங்களும் கூடி ஆரம்பிச்சதுதான் ஒய்.எம்.சி.ஏ. கடை ஊழியர் உக்கார இருக்கை கொடுக்கணும்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்ததே 2021லதான். 1844ல அவங்க நிலைமை எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க.

பதினோரு வருஷம் கழிச்சு, 1855ல, பாரிஸ்ல முதல் உலக மாநாடு. இளைஞர்கள் நாடு தாண்டிக் கூடணும்னு அதுக்காக ஓடியாடினவங்கள்ல ஒருத்தர் ஜெனீவாக்காரரான ஹென்றி துனான். இவர்தான் பின்னாடி செஞ்சிலுவைச் சங்கம் உருவாகக் காரணமா இருந்து, 1901ல முதல் நோபல் அமைதிப் பரிசை இன்னொருத்தரோட பகிர்ந்துகிட்டவர். ‘சர்வதேச’ங்கிற வார்த்தை நம்ம கேம்ப் பேனர்ல வர்றதுக்கு இப்படி ஒரு வேர் இருக்கு.

மெட்ராஸுக்கு ஒய்.எம்.சி.ஏ. வந்தது 1890ல. டேவிட் மெக்கானகினு ஒரு அமெரிக்கர் வந்து ஆரம்பிச்சார். பாரிஸ் கார்னர்ல பஸ் ஏறுறவங்க ஐகோர்ட்டுக்கு எதிர்ல அந்தப் பழைய சிவப்புக் கட்டிடத்தைப் பாத்திருப்பீங்க. அதுக்குப் பணம் கொடுத்தவர் ஜான் வனமேக்கர், ஃபிலடெல்ஃபியாவுல பெரிய கடை முதலாளி. கடைப் பசங்க ஆரம்பிச்ச சங்கத்துக்குக் கடை முதலாளி காசுல கட்டிடம். எனக்கு இது வேடிக்கையாவும் இருக்கும், கொஞ்சம் யோசிக்கவும் வைக்கும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். கூடைப்பந்து 1891ல, வாலிபால் 1895ல. ரெண்டையும் கண்டுபிடிச்சவங்க அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. ஆளுங்கதான். இங்க 1920ல ஹாரி க்ரோ பக்னு ஒருத்தர் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்குன்னு ஒரு பள்ளி ஆரம்பிச்சார். இன்னிக்கு நந்தனத்துல இருக்கிற கல்லூரி அதுதான். நம்ம குப்பத்து மணல்ல ரெண்டு கம்பு நட்டு வலை கட்டி ஆடுறோமே வாலிபால், அதுவும் இந்தக் குடும்பத்துக் கதைதான்.

இப்போ ரெண்டாவது ஆள். என் மனசுக்கு நெருக்கமானவர், ஜோசப் கார்டைன். பெல்ஜியம், பிறந்தது 1882. உழைக்கிற குடும்பம். இவர் சாமியாராகப் படிக்கப் போனார். லீவுக்கு ஊருக்கு வந்தா, கூடப் படிச்ச பசங்க எல்லாம் ஆலை வேலைக்குப் போயிருக்காங்க. ‘நீ இப்போ முதலாளி பக்கம்’னு இவரை ஒதுக்குறாங்க. 1903ல அப்பா சாகக் கிடக்கிறார். பக்கத்துல உக்காந்து, என் வாழ்க்கை உழைக்கிற இளைஞர்களுக்குத்தான்னு இவர் உறுதி எடுக்கிறார்.

1925ல இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் முறைப்படி உருவாச்சு. அவரோட சேர்ந்து அதைக் கட்டினவங்க ஃபெர்னான் தொனே, பால் கார்சே, ஜாக் மீர்ட்னு மூணு இளைஞர்கள். அதுல தொனேயும் கார்சேயும் 1945ல நாஜிகளோட டாக்காவ் வதைமுகாம்ல செத்தாங்க. ‘முகாம்’ங்கிற ஒரே வார்த்தை இப்படியும் ஒரு அர்த்தம் சுமக்குது பாருங்க.

கார்டைன் கொடுத்த வழி மூணே வார்த்தை. பார், ஆராய், செயல்படு. உன் பட்டறையில, உன் தெருவுல என்ன நடக்குதுன்னு பார். அது சரியா தப்பான்னு நற்செய்தியை வெச்சு ஆராய். அப்புறம் சின்னதா ஏதாவது ஒண்ணு செய். 1961ல திருத்தந்தை இருபத்திமூன்றாம் யோவானே தன் சுற்றுமடல்ல இந்த முறையை எடுத்துச் சொன்னார். இந்த இயக்கத்தோட முதல் உலகத் தலைவர் பேட்ரிக் கீகன், இங்கிலாந்துல லங்காஷயர்க்காரர், பஞ்சாலைத் தொழிலாளியா இருந்தவர். 1964ல இரண்டாம் வத்திக்கான் சங்கத்துல ஆயர்கள் நடுவுல எழுந்து பேசினார். மில் வேலை பாத்த கை அங்க மைக் பிடிச்சிருக்கு.

கேம்ப் எப்பவும் ‘அங்க’தான் நடக்கும்னு நாம நினைக்கிறோம். அதுவும் முழு உண்மை இல்லை. 1937ல ஒய்.எம்.சி.ஏ. உலக மாநாடு மைசூர்ல நடந்தது. 1952 டிசம்பர்ல உலகக் கிறிஸ்தவ இளைஞர் மாநாடு நடந்தது கோட்டயத்துல. அதுக்கு முன்னாடி ரெண்டும் ஆம்ஸ்டர்டாம், ஓஸ்லோ. 1985 கடைசியில பிரான்சோட தேசே துறவிகள் நடத்தின பன்னாட்டு இளையோர் கூட்டம் நம்ம மெட்ராஸ்ல. மறுபடி 1988லயும் இங்கதான். 2003ல ஆசிய இளையோர் நாள் பெங்களூர்ல. அந்த வயசுல இருந்த உங்க அத்தை, சித்தப்பா யாராவது போயிருக்கலாம். வீட்டுல கேட்டுப் பாருங்க.

சரி, இப்போ கஷ்டமான பகுதிக்கு வரேன்.

திருவொற்றியூர்ல ஒரு தம்பி. பேர் வேண்டாம். கன்டெய்னர் யார்டுல கான்ட்ராக்ட் வேலை, ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து பாடகர் குழுவுல கீபோர்டு வாசிப்பான். மழை வெள்ளம்னா முதல் ஆளா நிப்பான். ஐரோப்பாவுல ஒரு கேம்ப்புக்கு அவனை அனுப்பலாம்னு எல்லாரும் ஒரே மனசா முடிவு பண்ணினோம். பாஸ்போர்ட் இருந்துச்சு. விசாவுக்கு உக்காந்தோம்.

சம்பள ஸ்லிப் கேட்டாங்க. சம்பளம் கையில கொடுக்கிறாங்க, ஸ்லிப் கிடையாது. லீவு கொடுத்ததா கம்பெனி லெட்டர் கேட்டாங்க. கம்பெனி கான்ட்ராக்டரைக் காட்டுது, கான்ட்ராக்டர் சப்-கான்ட்ராக்டரைக் காட்டுறார். பேங்க் ஸ்டேட்மென்ட்ல பணம் வந்த அன்னிக்கே வீட்டு வாடகைக்கும் அம்மா மருந்துக்கும் போயிடுது. பங்குத் தந்தையோட கடிதம், கேம்ப் அழைப்பு எல்லாம் வெச்சுக் கொடுத்தோம். திரும்பி வருவார்னு நம்ப முடியலைன்னு நிராகரிச்சுட்டாங்க. கட்டின ஃபீஸ் திரும்ப வராது.

தூதரகத்துக்கும் ஒரு பயம் இருக்கு. கேம்ப்னு சொல்லிட்டுப் போய் அங்கேயே தங்கிடறவங்களும் உண்டு, மறைக்க வேணாம். ஆனா இதுல ஒண்ணு கவனிங்க. கார்டைன் யாருக்காக இயக்கம் ஆரம்பிச்சாரோ, அந்த ஆளேதான் இவன். சம்பளச் சீட்டு இல்லாதவன், லீவு கேட்டா வேலை போயிடுமோன்னு பயப்படறவன். இவனுக்குன்னு உருவான மேடையில இப்போ ஐ.டி. கம்பெனி ஐ.டி. கார்டு வெச்சிருக்கிற பசங்க சுலபமா ஏறிடறாங்க. அவங்க மேல கோபம் இல்ல, அவங்களும் நம்ம தெருப் பசங்கதான். ஆனா ஃபோட்டோல எப்பவும் அவங்க மட்டுமே இருந்தா, அங்க எண்ணூரைப் பத்திப் பேசப் போறது யாரு?

எண்ணூர்னதும் இன்னொரு ஆளைச் சொல்லணும். பியர் செரசோல், சுவிட்சர்லாந்து. முதல் உலகப் போர் முடிஞ்சதும், 1920ல, பிரான்ஸ்ல வெர்டன் பக்கத்துல எஸ்ன்ங்கிற இடிஞ்ச கிராமத்துக்குப் பல நாட்டு ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய் வீடு கட்டினார். அதுல ஜெர்மன்காரங்களும் இருந்தாங்க. நேத்து வரைக்கும் எதிரி, இன்னிக்கு மண்வெட்டி பிடிக்கிறான். கிறிஸ்தவ சமாதானவாதிகள் கூட்டத்துல பேசினதுலேர்ந்து வந்த யோசனை அது. 1934ல பீகார் நிலநடுக்கத்துக்கு அப்புறம் இங்கயும் வந்து கிராமங்களைத் திரும்பக் கட்ட உதவினார். பல நாட்டு ஆளுங்க சேர்ந்து உழைக்கிற ‘ஒர்க் கேம்ப்’ வழக்கம் அங்கேர்ந்துதான் பரவுச்சு.

2017 ஜனவரி 28, காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதிச்சு. எர்ணாவூர் கரையெல்லாம் தார் மாதிரி எண்ணெய். மீனவர்களும் காலேஜ் பசங்களும் பக்கெட்டுல அள்ளினாங்க. உலகமே அந்த பக்கெட் ஃபோட்டோவைப் பாத்துச்சு. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல மறுபடி எண்ணெய். படகுல போய் மறுபடி கையால அள்ளினாங்க. அள்ளினவங்களுக்கு யாரும் சர்டிஃபிகேட் கொடுக்கல, ஒரே மாதிரி பையும் கொடுக்கல. ஆனா செரசோல் வந்து பாத்திருந்தா, இதுதான் கேம்ப்னு சொல்லியிருப்பார்னு நான் நம்பறேன்.

‘அப்போ வெளிநாட்டு கேம்ப்பே வேணாமா, அந்தக் காசை இங்கயே செலவு பண்ணலாமே’ன்னு பெரியவங்க கேப்பாங்க. நான் அந்தக் கட்சி இல்ல. நம்ம ஊர்ல மட்டும் இருந்தா, சாம்பல் கலந்த ஆறும் நாத்தமடிக்கிற காத்தும் இயற்கைன்னே பழகிடும். வேற ஒரு துறைமுக ஊர் பையனோட ஒரு வாரம் ஒரே கூடாரத்துல தங்கினா, ‘உங்க ஊர்ல இதுக்கு யாரும் கேக்க மாட்டாங்களா?’ன்னு அவன் ஒரு கேள்வி கேப்பான். அந்தக் கேள்வியோட திரும்பி வரணும். அதுக்காகவே போகணும்.

அடுத்த வாய்ப்பு கண்ணு முன்னாடி இருக்கு. கத்தோலிக்க உலக இளையோர் நாள், சியோல், 2027 ஆகஸ்ட் 3லேர்ந்து 8 வரைக்கும். வேற சபைக்காரங்களுக்கு வேற கேம்ப் இருக்கும். எதுவா இருந்தாலும் நான் சொல்றது இதுதான்.

ஒண்ணு, பேப்பர் வேலையை ஒரு வருஷம் முன்னாடியே ஆரம்பிங்க. பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண ஃபீஸ் 1,500 ரூபா. கடைசி நேரத்துல தத்கால்னா கூட 2,000. ஐரோப்பா போறதுக்கு ஷெங்கன் விசா மட்டும் 90 யூரோ, ஒன்பதாயிரம் ரூபா கிட்ட. கான்ட்ராக்ட் வேலைன்னா சம்பளத்தை பேங்க்ல போடச் சொல்லிக் கேளுங்க. பி.எஃப். பிடிக்கிறாங்கன்னா அந்த பாஸ்புக்கை டவுன்லோடு பண்ணுங்க, எங்க வேலை பாக்கிறீங்கங்கிறதுக்கு அதுவே ஒரு ஆதாரம். வருமானம் குறைவா இருந்தாலும் வரிக் கணக்குத் தாக்கல் பண்ணி வைக்கலாம். இதெல்லாம் விசாவுக்கு உத்தரவாதம் இல்ல. ஆனா கேம்ப் கிடைக்கலைன்னாலும் லோன் கேக்கும்போதோ, சம்பளம் தரலைன்னு சண்டை போடும்போதோ உதவும்.

ரெண்டு, இங்கிலீஷ் யாருக்கு நல்லா வரும்னு பாத்து ஆள் எடுக்கிறதை நிறுத்துங்க. கூட ஒருத்தர் மொழிபெயர்த்துக்கலாம். குரூப்புக்கு யார் வேலை செய்றாங்கன்னு பாருங்க.

மூணு, செலவைத் தனி ஆள் தலையில போடாதீங்க. ராயபுரம் புனித இராயப்பர் கோயில் இருக்கே, அதைக் கட்டினது படகுக்காரங்க. துறைமுகம் இல்லாத காலத்துல கப்பல் சரக்கை அலையில இறக்கிக் கரைக்குக் கொண்டு வந்தவங்க. அந்தச் சம்பாத்தியத்துலேர்ந்து ஒதுக்கி எழுப்பின கோயில். நம்மால மாசம் ஆளுக்கு நூறு ரூபா சீட்டு மாதிரி போட முடியாதா?

நாலு, போய்ட்டு வந்தவங்க ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து சொல்லணும். எங்க தூங்கினீங்க, யாரோட பேசினீங்க, நம்ம ஊரைப் பத்தி என்ன சொன்னீங்க. ஸ்லைடு ஷோ வேணாம், கேள்வி-பதில் போதும்.

ஐந்து, வெளிநாட்டுப் பசங்களை இங்க கூப்பிடுங்க. தேசே கூட்டங்கள்ல வர்றவங்களைப் பங்குகளும் வீடுகளும்தான் தங்க வெப்பாங்க. நம்ம வீட்டுல ஒரு பாய் விரிக்க இடம் இருக்கும். காசிமேட்டுல காலைல அஞ்சு மணிக்கு ஏலம் காட்டலாம், எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம். அதுக்கு நாம யாரும் விசா எடுக்க வேணாம்.

அந்தத் தம்பி இன்னும் கீபோர்டு வாசிக்கிறான். இந்த வருஷம் பி.எஃப். பாஸ்புக் எடுத்து வெச்சிருக்கான், சம்பளமும் பேங்க்ல வருது. சியோலுக்கு அவன் பேரை மறுபடி கொடுக்கிறோம். கொரியத் துணைத் தூதரகம் சென்னையிலேயே இருக்கு, கேட்டுப் பாத்துடலாம்.

உங்க குரூப்ல யாரை அனுப்பறீங்க, எப்படி முடிவு பண்றீங்க? எழுதுங்க. அடுத்த வாரம் பாக்கலாம்.