கண்ணைப் பார்த்துச் சொல்லும் யந்திரம்

மேலூர், உசிலம்பட்டிப் பக்கங்களில் பார்வை மங்கினால், நம் மக்களில் பலர் முதலில் செய்வது அம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொள்வதேயாகும். சர்க்கரை வியாதியால் விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கெட்டால் அம்மன் என்ன செய்வாள்? இக்கேடு ஆரம்பத்தில் நோவும் தராது, பார்வையையும் குறைக்காது. தெரியவரும்போது பெரும்பாலும் காலங் கடந்துவிடுகிறது. ஆகவே, வருஷத்திற்கொருமுறை விழித்திரையைப் படமெடுத்துப் பார்ப்பதே வழி. ஆனால் பார்த்துச் சொல்லும் நிபுணர்களோ சொற்பம்.

இக்குறையை நிரப்பவே செயற்கை அறிவு என்னும் யந்திரம் வந்திருக்கிறது. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையும் இதில் பங்குகொண்டது. 2016-ல் கூகிள் கம்பெனியார் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்நாட்டிலும் அமெரிக்காவிலும் எடுத்த 1,28,175 படங்களைக் காட்டி யந்திரத்தைப் பழக்கினார்கள். 54 வைத்தியர்கள் அப்படங்களைப் பார்த்து, நோயின் அளவைக் குறித்துக் கொடுத்தார்கள். 2019-ல் அது மதுரையில் நோயாளிகளிடையே உபயோகத்திற்கு வந்தது. இதில் தெய்வச் செயல் எங்கே இருக்கிறது? முழுதும் மனிதன் கற்பித்ததேயாகும்.

நிற்க, இப்போது படத்தைப் பார்த்து வார்த்தைகளாலேயே அறிக்கை எழுதித் தரும் யந்திரங்களும் வந்துவிட்டன. இங்கேதான் நாம் விழித்திருக்க வேண்டும். படத்தில் இல்லாததை இருப்பதாகச் சரளமாக எழுதிவிடுவதும் அவற்றிற்கு உண்டு. கண்படம் பார்க்கும் யந்திரத்தைத் தாய்லாந்துச் சிகிச்சை நிலையங்களில் வைத்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட படங்களைத் தெளிவில்லையென்று அது தள்ளிவிட்டதாக 2020-ல் வெளியான ஆய்வு கூறுகிறது.

நம் ஜனங்களுக்கோ எழுத்தில் வந்ததெல்லாம் வேதம்! பஞ்சாங்கத்தை விட்டுவிட்டு யந்திரத்தைக் கும்பிட்டால் மூடநம்பிக்கை ஒழிந்ததாகுமா? சோதிடன் சொல்லைச் சோதிக்க அவன் இடங்கொடான். யந்திரத்தின் சொல்லையோ படத்தை வைத்துச் சோதிக்கலாம். அதுவே இரண்டிற்கும் உள்ள வித்தியாசம். அந்தச் சோதனையைக் கைவிட்டால் வித்தியாசமும் போய்விடும்.

ஆகவே தோழர்களே! சர்க்கரை வியாதியுள்ளவர்கள் நேர்த்திக்கடனுக்கு வைத்த காசை எடுத்துக்கொண்டு இவ்வருஷமே கண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். முடிவு கைக்கு வந்ததும், “இதை வைத்தியர் பார்த்தாரா? எதைக் கண்டு இப்படிச் சொல்லுகிறீர்கள்? எங்களுக்கு விளங்கும் தமிழில் சொல்லுங்கள்” என்று தைரியமாய்க் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேளாதிருப்பதே நமது கண்ணுக்கும் அறிவுக்கும் கேடாகும்.