கடல் கடக்கும் கல்வியும் காலக்கெடுவும்

(விழா மேடையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை வானம் பார்த்த பூமி என்பர். கரிசலும் செவலும் கலந்த இம்மண்ணில் ஆற்றுப்பாசனம் அரிது. குண்டாற்றில் நீர் ஓடும் நாள்களை எண்ணிவிடலாம். ஆயினும் இந்நிலம் கல்வியில் வறண்டிருந்ததில்லை. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வரும் வழியில், காரியாபட்டிப் பக்கத்தில் உள்ள குறண்டி, இன்று ஒரு சிற்றூர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அது வெண்பு நாட்டுத் திருக்குறண்டி. அங்கிருந்த திருக்காட்டாம்பள்ளி, பாண்டிய நாட்டுச் சமணப் பள்ளிகளுள் தலைசிறந்த ஒன்று. மதுரைச் சமணர் மலையில் காணப்படும் வட்டெழுத்துக் கல்வெட்டுகள், குறண்டியைச் சேர்ந்த அட்டோபவாசி பட்டாரரையும் அவர் மாணாக்கரான குணசேன தேவரையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. கோவிலாங்குளத்தில் அம்பலப்பசாமி என்று இன்றும் ஊரார் வணங்கும் திருமேனிகள் தீர்த்தங்கரர்களே.

அக்கல்வெட்டுகளில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஒருவரைக் குறிக்கும்போது அவர் எவ்வூரார், எப்பள்ளியார், யாருடைய மாணாக்கர் என்பவற்றை முறையாகச் சொல்லி, அதன்பின்னரே அவர் செய்த அறத்தைச் சொல்லும் வழக்கம் அது. இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று விண்ணப்பத்தில் கேட்பவையும் இவையே. நீ யார்? எங்குக் கற்றாய்? உனக்காகச் சான்று பகரும் ஆசிரியர் யார்? வினாக்கள் பழையவை. விடையைக் குறித்த நாளுக்குள், குறித்த வடிவில் தரவேண்டும் என்பது மட்டுமே புதியது. அப்புதுமையில்தான் நம் பிள்ளைகள் பலர் இடறுகின்றனர். அறிவுக் குறைவால் இடம் இழப்போரைவிட, ஆவணக் குறைவால் ஓராண்டை இழப்போரின் நிலை நெஞ்சை வருத்துவது.

முன்னோடிகள் இருவர்

காந்தியடிகள் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பலேறினார். அதற்குமுன் அவர் நிறைவேற்ற வேண்டியிருந்த முதல் நிபந்தனையை விதித்தது எந்தப் பல்கலைக்கழகமும் அன்று, அவருடைய அன்னையார். அன்னையின் தயக்கத்தைத் தீர்த்துவைத்தவர் பேச்சர்ஜி சுவாமி என்னும் சமண முனிவர். மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என்னும் உறுதிமொழியை முனிவர் முன்னிலையில் ஏற்ற பின்னரே பயணத்துக்கு இசைவு கிடைத்தது.

இலண்டனில் வழக்கறிஞர் தகுதிக்குப் பன்னிரண்டு பருவங்களை நிறைவு செய்ய வேண்டும். பருவத்தை நிறைவு செய்தல் என்பது, ஒரு பருவத்தில் நிகழும் ஏறத்தாழ 24 விருந்துகளுள் 6 விருந்துகளிலேனும் கலந்துகொள்ளுதல் ஆகும். உண்ணாவிடினும் வருகை தந்தாக வேண்டும். அங்குப் புலால் உண்ணாதார்க்குக் கிடைத்தவை வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும். காந்தியடிகளும், புலால் மறுத்த பார்சி மாணவர் ஒருவரும், மூத்த வழக்கறிஞர்க்குப் பரிமாறப்பெறும் காய்கறி உணவைத் தமக்கும் தருமாறு விண்ணப்பித்தனர், அது வழங்கப்பெற்றது. விதியை மீறாமலும் விரதத்தைக் கைவிடாமலும், முறைப்படிக் கேட்டுப் பெற்றனர். கிழங்கையும் விலக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் இந்நிகழ்ச்சியை நினைவில் கொள்ளுதல் நலம். மாணவர் விடுதிக்கு விண்ணப்பிக்கும்போதே உணவு நெறியை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். போய்ச் சேர்ந்தபின் பட்டினி கிடந்து வருந்துதல் வேண்டா.

அதே காலத்தில் காந்தியடிகள் இலண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வையும் எழுதினார். முதன்முறை இலத்தீன் பாடத்தில் தோல்வி, மறுமுறை வெற்றி. ஐந்தே மாத அவகாசத்தில் புதிய மொழி ஒன்றைக் கற்றுத் தேர்வெழுதப் புகுந்ததன் விளைவு அத்தோல்வி. இன்று ஆங்கிலத் தேர்வுக்குக் கடைசி மாதத்தில் நாள் குறிப்போர்க்கு இது பாடம்.

மற்றொருவர் கணிதமேதை இராமானுசன். கல்லூரித் தேர்வில் தேறாதவர், பட்டம் இல்லாதவர். ஆயினும் 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் சென்னையிலிருந்து கப்பலேறிக் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். அவர் பொருட்டுத் தகுதி விதி தளர்த்தப்பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது. ஹார்டியும் நெவிலும் அவருக்காக எழுதிய மடல்கள் இல்லையேல் இவை கைகூடியிரா. விதிவிலக்கும் தானே வருவதன்று; அறிந்தவர் ஒருவர் எழுதிய சான்றினால் வருவது. எனவே பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் ஆசிரியர் வாயிலில் நின்று கேட்பது அவர்க்கும் இடர், மாணவர்க்கும் இழப்பு. இரண்டு திங்களுக்கு முன்பே, தாம் செய்த பணிகளின் குறிப்புடன் சென்று பணிவோடு கேட்டல் வேண்டும்.

பெயர் என்னும் முதற்சிக்கல்

நம்மவர் சந்திக்கும் இடர்களுள் முதன்மையானது பெயர். தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னொட்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முதலெழுத்து முன்னே நிற்கும். பட்டச் சான்றிதழில் பின்னே நிற்கும். ஆதாரில் தந்தை பெயர் முழுமையாக விரிந்திருக்கும். நம் குடும்பங்களில் இதற்கும் மேலாக ஒன்றுண்டு. தந்தையின் ஆவணத்தில் ‘நயினார்’ என்னும் சிறப்புப் பெயர் இருக்கும். மகனின் ஆவணத்தில் இராது. ஊரார்க்கு இருவரும் தந்தையும் மகனும் என்பது ஐயமின்றித் தெரியும். ஆவணத்தை மட்டுமே காணும் அயல்நாட்டு அலுவலர் எதைக் கொண்டு தெளிவார்?

கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு ஒற்றைப் பெயருடன் அமெரிக்க விசாவுக்குச் செல்வோர்க்கு, அவ்வொற்றைப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதற்பெயர்க் கட்டத்தில் ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமான மூன்றெழுத்து அச்சாகிவிடும். பின்னர் வங்கியிலும் பல்கலைக்கழகத்திலும் அதுவே அவர்தம் பெயராய்த் தொடரும். ஆதலின் கல்லூரியில் சேரும் ஆண்டிலேயே எல்லா ஆவணங்களையும் ஒருசேர வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பள்ளிச் சான்றிதழ்ப் பிழைக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தையும், பெயர் மாற்றத்துக்குத் தமிழ்நாடு அரசிதழையும் நாட வேண்டிவரும். இவை நாள்கணக்கில் முடியும் பணிகள் அல்ல.

சான்றிதழ்களும் அவ்வாறே. அருப்புக்கோட்டையில் கற்ற கல்லூரி மாணவர் மதிப்பெண் தொகுப்புச் சான்றைக் கல்லூரியில் பெற இயலாது; இணைவு தந்த பல்கலைக்கழகத்திடமே பெறவேண்டும். கலை, அறிவியல் எனில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். பொறியியல் எனில் அண்ணா பல்கலைக்கழகம். செருமனிக்குச் செல்வோர் 2022 நவம்பர் முதல் தில்லியிலுள்ள ஏ.பி.எஸ். அலுவலகத்தின் சரிபார்ப்புச் சான்றும் பெறவேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்கும், ஜி.ஆர்.இ. மதிப்பெண் ஐந்து ஆண்டுகளுக்கும் செல்லும். ஆகவே முன்கூட்டியே எழுதிவைப்பதால் இழப்பில்லை.

நிலம் இருந்தும் பணம் இல்லாமை

பணத்துக்கான சான்று குறித்துச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். குடும்பத்தின் வாழ்வே இதில் அடங்கியுள்ளது. வறண்ட நாட்டுக் குடும்பத்தின் செல்வம் நிலத்திலும் நகையிலும் இருக்கும். பிரிட்டனின் மாணவர் விசா விதியோ, நிலத்தையும் நகையையும் கணக்கில் கொள்வதில்லை. வங்கியில் உள்ள பணத்தையோ, முறையான கல்விக் கடனையோதான் ஏற்கும். அப்பணமும் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருந்திருக்க வேண்டும். இடையே ஒருநாள் குறைந்தாலும் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். பணம் பெற்றோர் கணக்கில் இருந்தால் உறவை மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றும் இசைவுக் கடிதமும் தேவை. பெயர் ஒன்றாயிராவிடின் இங்கும் அது தடையாகும். செருமனி, முடக்கக் கணக்கு ஒன்றில் ஓராண்டுச் செலவை வைக்கச் சொல்கிறது; 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது.

கடன் வாங்கலாமே எனின், 7.5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணையம் கேட்கும். புன்செய்ப் பட்டாவுடன் செல்லும் தந்தை அங்கே திகைத்து நிற்பார். கடன் மீட்புக்கு வங்கிகள் பயன்படுத்தும் 2002ஆம் ஆண்டுச் சட்டம் விளைநிலத்துக்குப் பொருந்தாது. ஆதலின் பல வங்கிகள் அதனைப் பிணையமாக ஏற்பதில்லை. வீடோ மனையோ வைப்புத்தொகையோ வேண்டும். இச்செய்தியைச் சேர்க்கைக் கடிதம் வந்தபின் அறிவோர், அவசரத்தில் நிலத்தை மலிவு விலைக்கு விற்கின்றனர். அல்லது கந்துவட்டிக்குத் தலைகொடுக்கின்றனர். ஓராண்டு முன்பே அறிவோர் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று முதலியவற்றைச் செப்பனிட்டு, இரண்டு மூன்று வங்கிகளில் கேட்டுத் தெளிகின்றனர். நிலம் ஒன்றே, அறிந்த காலத்தால் விளைவு வேறாகிறது.

சமணர் 2014 சனவரியில் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பெற்றனர். வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டிச் சலுகை தந்த நடுவணரசின் ‘படோ பர்தேஷ்’ திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பெற்றுவிட்டது. அது இன்னும் உள்ளதென நம்பிக் கணக்கிடுவோர் ஏமாறுவர். தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கல்விக் கடன் குறித்து நேரில் கேட்டறிதல் நன்று. 1892இல் தொடங்கிய ஜே.என். டாட்டா அறக்கட்டளைக் கடன் உதவித்தொகையும் கருதத்தக்கது.

கெடுநாளும் கடிகாரமும்

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இளநிலைப் படிப்புகளுக்கும் பிரிட்டனின் பெரும்பாலான மருத்துவப் படிப்புகளுக்கும் கெடுநாள் அக்டோபர் 15. அது நமக்குப் புரட்டாசிக் கடைசி. பிற இளநிலைப் படிப்புகளுக்கான நாள் 2026இல் சனவரி 14; போகிப் பண்டிகை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குச் சனவரி 1, மார்கழி நடுவில். செருமனியின் குளிர்காலப் பருவத்துக்குப் பெரும்பாலும் சூலை 15, ஆனி முடிவு. இந்நாள்கள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. பல்கலைக்கழகத்தின் சொந்த அறிவிப்பே இறுதிச் சான்று.

நாளைவிடக் கடிகாரம் நுட்பமானது. இலண்டனில் மாலை 6 மணி என்பது அக்டோபர் நடுவில் நமக்கு இரவு 10.30, சனவரியிலோ 11.30. அமெரிக்காவின் பொதுவிண்ணப்பத் தளத்தில் கெடுநேரம் விண்ணப்பிப்பவரின் ஊர் நேரப்படி கணக்கிடப்பெறும். தனித்து விண்ணப்பம் பெறும் பல்கலைக்கழகங்கள் சில தம் ஊர் நேரத்தைக் கொள்ளும். எந்தக் கடிகாரம் என்று அறியாமல் நள்ளிரவு வரை காத்திருத்தல் அறிவுடைமை ஆகாது. கெடுநாளுக்கு ஒருவாரம் முன்பு அனுப்பிவிடுவதே முறை.

முகவர்களிடம் ஒப்படைத்துவிட்டு உறங்குவோர்க்கும் ஓர் எச்சரிக்கை. முகவர்வழிப் பெற்ற சேர்க்கைக் கடிதம் போலியானது எனக் கண்டறியப்பட்டு, 2023இல் கனடாவில் இந்திய மாணவர் பலர் நாடு கடத்தப்படும் அச்சத்துக்கு உள்ளாயினர். அவர்களுட் பலர் ஏமாற்றப்பட்டவரே. ஆயினும் விண்ணப்பத்தின் கீழ் உள்ள கையொப்பம் மாணவருடையது, பொறுப்பும் மாணவருடையதே. வாய்மையை விரதமாகக் கொண்ட குடியில் பிறந்தோர், தாம் படித்துப் பாராத ஒரு வரிக்கும் கையொப்பம் இடலாகாது. அனுபவச் சான்றைப் புனைந்து தருகிறோம் என்பவரைக் கண்டால் அவ்விடத்தை விட்டு அகலுதல் வேண்டும்.

சமுதாயம் செய்யத்தக்கவை

கரிசல் உழவர் மழை பெய்தபின் ஏர் தேடுவதில்லை. புரட்டாசி மழையை நம்பி, அதற்கு முன்பே காய்ந்த புழுதியில் பருத்தியையும் சோளத்தையும் விதைத்துவிடுவர். முதல் மழையில் விதை முளைக்கும். மழையைக் கண்டபின் விதை தேடுவோன் ஈரத்தை இழப்பான். வெளிநாட்டுக் கல்வியும் மானாவாரிப் பயிரே. சேர்க்கைக் கடிதம் என்னும் மழை எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. புழுதியில் விதைத்து வைத்தல் நம் கையில் உண்டு.

அறக்கட்டளைகளுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஆண்டுதோறும் ஆடியில் ஒருநாள், மாணவர்தம் ஆவணங்களை ஒப்பிட்டுப் பெயர்ப்பிழை காணும் முகாம் நடத்துதல் ஒன்று. தேர்வுக் கட்டணமும் சான்றிதழ்க் கட்டணமும் செலுத்த இயலாதார்க்குச் சிறு நிதி வழங்குதல் இரண்டு. முன்பே சென்று கற்கும் நம் பிள்ளைகளை, இனிச் செல்வோர்க்கு வழிகாட்டிகளாய் இணைத்தல் மூன்று. பெரும்பொருள் வேண்டும் பணிகள் அல்ல இவை. நினைவு வேண்டும் பணிகள். பெண்மக்களுக்கும் இவற்றில் சம இடம் வேண்டும். கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர்கள் சிறப்பிடம் பெற்றிருப்பதை மறவாதவர் நாம்.

சமணம் காலத்தையும் ஆறு பொருள்களுள் ஒன்றாக எண்ணியது. கண்ணுக்குப் புலனாகாவிடினும் மற்றெல்லாவற்றின் மாற்றத்துக்கும் துணைநிற்பது அது. அதனை மதித்து நடக்கும் பிள்ளைகள் கடல் கடந்து கற்றுச் சிறந்து, நெறி வழுவாது இம்மண்ணுக்கும் பயன்பட வாழ்வார்களாக.