நூலகத் திறவுகோல் எவர் கையில்?



பள்ளியில் ஆசிரியர் கற்பிப்பது கல்வியில் ஒரு பாதி. மாணவன் தானே நூலைத் தேடி எடுத்துக் கற்பது மறு பாதி. வகுப்பறையில் அனைவர்க்கும் ஒரே சோறு. நூலகத்திலோ அவரவர் பசிக்கேற்ற விருந்து. அவ் விருந்தை ஆக்குபவர் யார்? அதில் ஒரு கலம் தீதென்று பெற்றோர் ஒருவர் கூறினால், அதனை எடுத்தெறியும் உரிமை எவர்க்கு உண்டு? அமெரிக்க நாட்டில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகட்கு முன் எழுந்த வழக்கொன்று இவ் வினாக்களுக்கு விடை பகரும்.

முதற்கண் அந் நாட்டு முறையை அறிதல் வேண்டும். பள்ளிக்கு நூல் தெரிவது பயிற்சி பெற்ற நூலகரின் பணி. அவர் மதிப்புரைகளைப் படிக்கிறார். பாடத்திட்டத்தையும் மாணவரின் அகவையையும் எண்ணுகிறார். ஒரு பொருள் பற்றிய பல்வேறு நோக்குகளுக்கும் அடுக்கில் இடந்தருகிறார். பெற்றோர் ஒருவர் ஒரு நூலை மறுத்தால், அவர் எழுத்தில் முறையிடுதல் வேண்டும். நூலை முழுவதும் படித்தீரா, எப்பகுதி தீது, என்ன செய்தல் வேண்டும் என்று படிவம் வினவும். பின்னர் ஆசிரியரும் நூலகரும் பெற்றோரும் அடங்கிய குழு, நூலை முற்றப் படித்து ஆய்ந்து முடிவு கூறும். அதுவரை நூல் அடுக்கிலேயே இருக்கும். அமெரிக்க நூலகக் கழகம் பரிந்துரைக்கும் நெறி இதுவே.

இந் நெறியை மீறினால் என்ன நேரும்? நியூயார்க்கு மாநிலத்து ஐலண்டு திரீசு என்னும் ஊர்ப் பள்ளிகளின் ஆட்சிக்குழுவினர் மூவர், 1975 செபுதம்பரில் பெற்றோர் அமைப்பொன்றன் மாநாட்டிற்குச் சென்றனர். தீய நூல்கள் எனப்பட்டவற்றின் பட்டியலோடு திரும்பினர். அதில் இருந்தவை நூல்களிலிருந்து பிய்த்தெடுத்த சிற்சில வரிகளே! அவ்வாண்டு நவம்பரில் ஓரிரவு, அவருள் இருவர் பள்ளி நூலகம் புகுந்து, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நூலட்டைகளைத் துருவினர்! பகலில் நூலகரிடம் கேட்டறிய வேண்டியதை இரவில் தேடினர்!

1976 பிப்பிரவரியில் நூல்களை நீக்குமாறு ஆணை பிறந்தது. இத்தகைய முறையீடுகளை ஆராய முன்னரே வகுத்த நெறி உண்டென்று பள்ளிகளின் கண்காணிப்பாளர் நினைவூட்டினார். ஆட்சிக்குழு செவிசாய்க்கவில்லை. எதிர்ப்பு எழுந்தபின், பெற்றோர் நால்வரும் பள்ளிப் பணியாளர் நால்வரும் கொண்ட குழுவை அமர்த்தியது. அக் குழு 11 நூல்களையும் ஆராய்ந்து, ஐந்தினை வைத்துக்கொள்ளலாம் என்றது. இரண்டினை நீக்கலாம் என்றது. ஒன்றைப் பெற்றோர் இசைவுடன் தரலாம் என்றது. எஞ்சியவற்றில் முடிவு எட்டவில்லை. ஆட்சிக்குழுவோ, தான் அமர்த்திய குழுவின் சொல்லையே புறந்தள்ளி ஒன்பது நூல்களை நீக்கிற்று!

அமெரிக்காவுக்குப் பகை, கிறித்துவத்துக்குப் பகை, யூதர்க்குப் பகை, அருவருப்பானவை என்பன அந் நூல்கள் மீது சாற்றிய குற்றங்கள். வியப்பு யாதெனில், யூதப் பகையால் சிறைப்பட்ட குற்றமற்ற யூதன் ஒருவனின் துயரைக் கூறி 1967-இல் புலிட்சர் பரிசு பெற்ற பெர்னார்டு மலமூடின் புதினமும் அவற்றுள் ஒன்று! ஆலிசு சைல்டிரசு என்னும் கருப்பின எழுத்தாளரின் நூல் ஏன் நாட்டுக்குப் பகை என வினவியபோது, ஆட்சிக்குழுவினர் இருவர் கூறிய விடை யாது? சார்ச்சு வாசிங்டன் அடிமைகளை வைத்திருந்தார் என்று அந் நூல் கூறுகிறதாம்! அது பொய்யன்று, வரலாற்று உண்மை. உண்மை கசந்தால் உண்மையே பகையாகிவிடுமோ?

இசுடீவன் பிக்கோ என்னும் மாணவரும் அவர்தம் தோழரும் 1977-இல் வழக்குத் தொடுத்தனர். 1982 சூன் 25-ஆம் நாள் உச்ச முறைமன்றம் ஐவர்க்கு நால்வர் என்னும் அளவில் மாணவர் பக்கம் நின்றது. ஒரு நூலிலுள்ள கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காகவே அதனைப் பள்ளி நூலகத்தினின்று அகற்றல் ஆகாது என்று நடுவர் பிரென்னன் எழுதினார். கல்விக்குப் பொருந்தாமை போன்ற கரணியங்களால் நீக்கலாம் என்பதையும் அவர் மறுக்கவில்லை. ஆயினும் ஐவரும் ஒரே கருத்துரையில் ஒன்றவில்லை. 2025-இல் தெக்சாசு மாநிலப் பொது நூலக வழக்கொன்றில், மேல்முறையீட்டு மன்றமொன்று பிரென்னனின் வழியை ஏற்க மறுத்துவிட்டது. சட்டம் ஒன்றையே கேடயமாக நம்புதல் போதாது என்பது இதனால் விளங்கும்.

பெற்றோர்க்கு உரிமை இல்லையா? உண்டு! தம் பிள்ளை இந் நூலைப் படிக்கலாகாது என்று சொல்லத் தாய்க்கும் தந்தைக்கும் முழு உரிமை உண்டு. அவ் வுரிமை தம் வீட்டு வாயிலோடு நிற்பது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் கையிலுள்ள நூலைப் பறிக்க அது நீளாது. 2021-க்குப் பின் அந் நாட்டில் நூல் எதிர்ப்புகள் பன்மடங்கு பெருகியுள்ளன. அவற்றுள் மிகுதியானவை, அமைப்புகளும் ஆட்சிக்குழுக்களும் பட்டியலாக விடுப்பனவே அன்றித் தனிப் பெற்றோரின் கவலையால் எழுந்தன அல்ல. ஐலண்டு திரீசின் பட்டியல் இன்னும் மடித்து வைக்கப்படவில்லை!

ஆதலின், அவையீர், நூலகத் திறவுகோல் எவர் ஒருவர் கையிலும் இருத்தல் ஆகாது. அது நெறியின் கையில் இருக்கட்டும். மறுப்பவர் முழுதும் படிக்கட்டும். ஆய்பவர் பகலில் அமர்ந்து ஆயட்டும். முடிவு வரும்வரை நூல் அடுக்கிலேயே நிற்கட்டும்! படிக்காமல் பழிப்பவனுக்கு அஞ்சி அடுக்கைக் காலியாக்கும் பள்ளி, தன் பிள்ளைகளுக்கு அச்சம் ஒன்றையே பாடமாக வைக்கிறது!