ஸ்பீக்கர்ல ‘ம்ம்ம்’னு சத்தமா? எர்த் பின்னைக் கழட்டாதீங்க!

இன்னைக்கு பேசப்போறது பாட்டைப் பத்தி இல்ல. பாட்டை நிறுத்தின பிறகும் தம்புரா போட்ட மாதிரி ‘ம்ம்ம்’னு ஸ்பீக்கர்ல ஓடிக்கிட்டே இருக்குமே, அந்தச் சத்தத்தைப் பத்தி.

யார்கிட்ட கேட்டாலும் ஒருத்தராவது, “ஆம்ப் பிளக்ல எர்த் பின்னைக் கழட்டிடு, போயிடும்”னு சொல்லுவாங்க. பல நேரம் போயிடும், உண்மைதான். ஆனா தயவுசெஞ்சு செய்யாதீங்க. உள்ள ஒரு ஒயர் கழன்று மெட்டல் பாடியில பட்டா, கரண்ட் எர்த்ல இறங்கி எம்.சி.பி. விழணும். எர்த் இல்லன்னா ஆம்ப் பாடியிலேயே 230 வோல்ட் நிக்கும், நீங்க தொடுற வரைக்கும்.

சரி, கண்டுபிடிக்கிறது எப்படி? முதல்ல வால்யூமைத் திருப்புங்க. சத்தம் கூடவே ஏறினா, வால்யூமுக்கு முன்னாடி எங்கேயோ இருந்து வருது. அடுத்து, ஆம்பை ஆஃப் பண்ணிட்டு பின்னாடி இருக்கிற இன்புட் கேபிள் எல்லாத்தையும் உருவுங்க. திரும்ப ஆன் பண்ணி, ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க. எதை மாட்டும்போது சத்தம் வருதோ, அதுதான் ஆளு.

பெரும்பாலும் அது லேப்டாப்பா இருக்கும். சார்ஜரை உருவி பேட்டரியில ஓட்டுங்க. சத்தம் டக்குனு நின்னா, அது கிரவுண்ட் லூப். ஆம்புக்கு ஒரு எர்த், சார்ஜருக்கு ஒரு எர்த், நடுவுல ஆடியோ கேபிள்னு ஒரு வளையம் உருவாகுது. ரெண்டு எர்த்துக்கும் நடுவுல சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலே போதும், அந்த வளையத்துல கரண்ட் ஓடும். நம்ம லைன் 50 ஹெர்ட்ஸ் இல்லையா, அதுவும் அதோட மடங்குகளும்தான் உங்க காதுல ‘ம்ம்ம்’.

முதல்ல காசு செலவில்லாத வழி: எல்லாத்தையும் ஒரே பிளக் பாயிண்ட்ல இருந்து எடுங்க. அடங்கலன்னா, கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்னு சின்ன டப்பா கிடைக்கும். உள்ள இருக்கிறது டிரான்ஸ்ஃபார்மர்தான். பாட்டு தாண்டிப் போகும், எர்த் தொடர்பு அறுந்துடும். ரொம்ப மலிவானதை வாங்கினா பேஸ் கொஞ்சம் அடிபடும். டிவியில இருந்து வர்ற சத்தம்னா ஆப்டிகல் கேபிள் போடுங்க. அதுல போறது வெறும் வெளிச்சம், லூப்புக்கு வழியே இல்ல.

டர்ன்டேபிள் வச்சிருக்கவங்க கதை வேற. சாதாரண எம்.எம். கார்ட்ரிட்ஜ்ல இருந்து வர்றது சுமார் 5 மில்லிவோல்ட். அதை நூத்துக்கணக்கான மடங்கு பெருக்கும்போது சுத்தி இருக்கிற ஹம்மும் சேர்ந்து பெருசாகும். கேபிளோட ஒரு மெல்லிசு ஒயர் தனியா தொங்குதே, அது உபரி இல்ல. ஆம்ப் பின்னாடி ‘ஜி.என்.டி.’னு போட்ட திருகுல அதை மாட்டுங்க. முக்கால்வாசி ஹம் அங்கேயே முடிஞ்சிடும். பக்கத்துல அடாப்டர் ஏதாவது இருந்தா தள்ளி வைங்க.

‘ம்ம்ம்’ இல்லாம ‘ஜ்ஜ்ர்ர்’னு கரகரப்பா வந்தா, ஃபேன் ரெகுலேட்டரைப் பாருங்க. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்டை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்குது. ஃபேனை ஆஃப் பண்ணதும் கரகரப்பு நின்னா, ஆம்ப் மேல பழி போடாதீங்க.

எல்லா இன்புட்டையும் உருவின பிறகும், வால்யூம் ஜீரோவுல இருந்தும் ஹம் வருதா? அப்போ ஆம்ப்லதான் கோளாறு. பழைய செட்னா பவர் சப்ளை கெபாசிட்டர் மேலதான் முதல் சந்தேகம். மூடியை நீங்களே திறக்காதீங்க. பிளக்கை உருவின பிறகும் அதுல சார்ஜ் நிக்கலாம். மெக்கானிக்கிட்ட கொடுக்கும்போது, எதையெல்லாம் உருவிப் பார்த்தீங்கன்னு சொல்லிக் கொடுங்க, அவருக்குப் பாதி வேலை மிச்சம்.