ஒட்டுத் துணியில் ஒரு போர்வை



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒட்டுப்பால் என்றால் என்னவென்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை. பால் வெட்டிய மரத்தின் வெட்டுக் கோட்டிலும், மங்கின் அடியிலும் உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பாலை மறுநாள் உரித்தெடுத்துச் சாக்கில் சேர்ப்போம். நிறுத்துக் கொடுத்தால் அதற்கும் காசு உண்டு. ரப்பர் மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. ஆயினும், மிச்சமென்று எதையும் எறிந்துவிடாத பழக்கம் நம் தாய்மார்களின் கையை விட்டுப் போய்விடவில்லை.

நம் வீட்டுத் துணிகளிலும் இப்படி ஓர் ஒட்டுப்பால் உண்டு. தீபாவளிச் சட்டை தைத்தபோது மிஞ்சிய துண்டு, கிழிந்த கைலி, நைந்த சேலை, பிள்ளைக்குச் சிறியதாகிவிட்ட பள்ளிச் சீருடை ஆகியவற்றைத்தான் சொல்கிறோம். இவற்றைச் சேர்த்துப் போர்வை தைப்பது எப்படி என்பதை இன்றைய உரையில் சொல்லப் போகிறோம். அதைக் கற்கப் போன இடத்தில், ஆசிரியர்களாகிய நாங்கள் கற்றுத் திரும்பிய இன்னொரு பாடத்தையும் சேர்த்துச் சொல்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் தோட்டத்துக்கு அருகிலுள்ள பட்டணத்தில் மாதர் சங்கம் ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமையை அறப்பணித் தையல் நாளாக அறிவித்திருந்தது. முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போர்வைகள் தைத்துக் கொடுப்பது நோக்கம். தைக்கத் தெரியாதவர்களும் வரலாம், சொல்லித் தருவோம் என்றார்கள். எங்கள் பள்ளியிலிருந்து ஆசிரியைகள் மூவரும் தாய்மார்கள் எட்டுப் பேரும் வேன் பிடித்துப் போனோம்.

இந்த வெயில் நாட்டில் போர்வை எதற்கு என்று கேட்கத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. வயது முதிர்ந்தவர்களுக்கு உடலில் சூடு நிற்பது குறைவு. பகலெல்லாம் மின்விசிறிக்குக் கீழே, சக்கர நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முழங்காலும் பாதமும் சில்லிட்டுப் போகும். மழைக்காலத்து விடியற்காலையைச் சொல்லவே வேண்டாம். அதனால்தான் மடியையும் முழங்காலையும் மூடுகிற அளவில் சிறிய போர்வைகளைத் தைக்கச் சொன்னார்கள். அதற்குமேல் நீண்டால் நாற்காலிச் சக்கரத்தில் சிக்கிக்கொள்ளும்.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சீன மூதாட்டி. பல காலம் தையற்கடை வைத்திருந்தவர். மலாய் மொழியில்தான் பேசினார். மலாய்க்காரர்கள் துண்டுத் துணியை ‘கைன் பெர்ச்சா’ என்பார்கள். கம்பத்து வீடுகளில் அதைக் கொண்டு தலையணை உறையும் போர்வையும் தைப்பது பழைய வழக்கம். வங்காளத்திலும் பழைய சேலைகளை அடுக்கி, நெடுக ஓட்டுத் தையல் போட்டு, ‘காந்தா’ என்னும் விரிப்பைச் செய்கிறார்கள். நம் பாட்டிமார் பழஞ்சேலையை மடித்துத் தைத்துப் பச்சைக் குழந்தைக்குப் படுக்கை போட்டதும் இதே வேலைதான். பெயர்தான் வேறு.

நேயர்களே, அன்று முதல் ஒரு மணி நேரத்தில் நாங்கள் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆசிரியர்கள் அல்லவா, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. கொண்டு போன துணிகளை அப்படியே வெட்டினோம். பருத்தியோடு நைலானையும் கலந்தோம். ஒரு துண்டு பெரிது, ஒரு துண்டு சிறிது. இழுத்துப் பிடித்து விறுவிறுவென்று தைத்தோம். எங்களில் ஒருவர், “தருமத்துக்குத்தானே, இது போதும்” என்று வாய்விட்டே சொன்னார். மற்றவர்கள் மறுக்கவில்லை.

மூதாட்டி எங்கள் வேலையைக் கையில் வாங்கினார். ஒன்றும் பேசாமல் சவர்க்கார நீர் இருந்த பேசினில் போட்டு இரண்டு முறை கசக்கினார். சிவப்புச் சேலைத் துண்டின் சாயம் இறங்கி, பக்கத்திலிருந்த வெள்ளைத் துண்டுகளெல்லாம் இளஞ்சிவப்பாயின. ஓரத்தை ஒட்டித் தைத்த இரண்டு மூட்டுகள் விட்டுப் போயின. “சிகு, இதை உங்கள் அம்மாவுக்குப் போர்த்துவீர்களா?” என்று மெதுவாகக் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் நாங்கள். கசக்கினால் தாங்குகிற கந்தையை எங்களால் தைக்க முடியவில்லை.

பிறகு முதலிலிருந்து தொடங்கினோம். அந்த முறையை வரிசையாகச் சொல்கிறோம். தாளும் பென்சிலும் அருகில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, துணியைத் தேர்ந்தெடுப்பது. பருத்தித் துணியே நல்லது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விட்டுப்போன இடத்தை வெட்டி நீக்கிவிடுங்கள். புதுத் துணியானாலும் பழந்துணியானாலும், வெட்டுவதற்கு முன்பே துவைத்துக் காயவைக்க வேண்டும். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். சிவப்பு, கருநீலத் துணிகளைத் தனியே அலசி, தண்ணீர் தெளிவாக வரும்வரை பாருங்கள். எத்தனை முறை அலசியும் சாயம் விடுகிற துணியை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவது, அளவு. தடித்த அட்டையில் 5 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். எல்லாத் துண்டுகளையும் அந்த ஒரே அட்டையை வைத்துக் கோடு போட்டு வெட்ட வேண்டும். ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைத்தால், தைத்து முடித்த பின் ஒவ்வொரு சதுரமும் நாலரை அங்குலம் நிற்கும். வரிசைக்கு 8 துண்டுகள், 10 வரிசைகள், ஆக 80 துண்டுகள். போர்வையின் அகலம் 36 அங்குலம், நீளம் 45 அங்குலம் வரும். கணக்கில் பின்தங்கிய பிள்ளையை அருகில் உட்காரவைத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். கரும்பலகையில் புரியாதது துணியில் புரிந்துவிடும்.

மூன்றாவது, அடுக்குவது. முதலில் வரிசை வரிசையாகத் தைத்து, இஸ்திரி போட்டு, பிறகு வரிசைகளை இணையுங்கள். அடியில் ஒரு முழுத் துணி, நடுவில் பழைய பூத்துவாலை அல்லது தடித்த விரிப்பு, மேலே ஒட்டுத் துணி என மூன்றையும் சுருக்கமில்லாமல் பரப்ப வேண்டும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாகத் தைத்துக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து முடிச்சாக நிற்கும். அதன்பின் மூன்று அடுக்கையும் பிடித்துச் சிறிய ஓட்டுத் தையல் போட வேண்டும். கடைசியில் ஓரத்தைச் சுற்றிப் பட்டி வைத்து மடித்துத் தைத்தால், தற்காலிகத் தையலைப் பிரித்துவிடலாம்.

இந்த ஓட்டுத் தையலில்தான் எங்கள் கை தடுமாறியது. ஊசி சில இடங்களில் அடித்துணியைப் பிடிக்கவில்லை. சில இடங்களில் நூலை இழுத்துவிட்டுத் துணி சுருங்கியது. அப்போது எங்களோடு வந்த தாய்மார்களில் ஒருவர், அறுபதை நெருங்கியவர், நாங்கள் அக்கா என்று அழைப்பவர், எங்கள் கையைப் பிடித்து நிறுத்தினார். முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர் அவர்.

“டீச்சர், உளி பிடிக்கிற மாதிரி நெனைச்சுக்குங்க. ஆழமாப் போனா மரத்துக்குக் காயம். மேலாப்புல போனா பால் வராது. பட்டையோட கனம் கைக்குத் தெரியணும். இங்கயும் அடித்துணி விரல்ல படணும், அவ்வளவுதான்” என்றார். துணிக்கு அடியில் இடது கை விரலை வைத்து, ஊசி முனை அதில் மெல்லத் தொட்டவுடன் மேலே திருப்பினார். அவருடைய தையல் கோடு போட்டது போல் ஓடியது. மூதாட்டியும் எழுந்து வந்து பார்த்துத் தலையசைத்தார். அன்று பிற்பகல் முழுதும் அக்காதான் எங்களுக்கு ஆசிரியை.

மதியம் பசியாறிய பின், சங்கத்துப் பெண்மணி ஒருவர் ஒரு வரலாற்றைச் சொன்னார். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஐரோப்பியரும் பிறருமாகிய குடிமக்கள் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் குழந்தைகளும் மறுபக்கம். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று மனைவிக்குத் தெரியாது. அந்தச் சிறையிலிருந்த எத்தல் மல்வானி என்ற கனடா நாட்டுப் பெண்மணி ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறு அங்குல வெள்ளைத் துணி ஒன்று கொடுக்கப்பட்டது. அதில் அவரவர் விரும்பியதைத் தைத்து, தம் பெயரையும் தைத்தார்கள். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். அப்படி மூன்று போர்வைகள் தைத்தார்கள். காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலிய வீரர்களுக்கு ஒன்று. மூன்றாவது, காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு. வீரர்களின் மருத்துவமனைக்குப் போர்வைகள் போனபோது, இன்னார் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தியும் கூடவே போனது. இரண்டு போர்வைகள் இன்றும் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. அந்தப் பெண்களின் பெயர்களை இன்றும் படிக்கலாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு, 1943இல், நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மிகப் பலர் திரும்பவில்லை. அவர்களுடைய பெயரைத் தாங்கிய துணி எதுவும் இல்லை.

பிறகு, நாங்களும் போர்வையின் பின்பக்க மூலையில் அவரவர் பெயரைத் தைக்கலாம் என்று முடிவாயிற்று. பென்சில் கைமாறி வந்தது. அக்காவின் முறை வந்தபோது அவர் எழுந்து தேநீர்க் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார். கூச்சப்படுகிறார் என்று நினைத்துக் கூப்பிடப் போனோம். குழாயடியில் நின்றபடி, “எனக்குக் கைநாட்டுத்தானே டீச்சர். தம்பி தங்கச்சியைப் பார்த்துக்க ஆள் இல்லைன்னு பள்ளிக்கூடம் அனுப்பல” என்றார். சற்றுப் பொறுத்து, “எங்க தாத்தாவும் சயாமுக்குப் போனவருதான். அவரு பேரும் எங்கயும் இல்ல” என்றார்.

நேயர்களே, அக்காவின் மகள் எங்கள் பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தவள். இப்போது அவருடைய பேரன் படிக்கிறான். ஒவ்வொரு முறை தேர்ச்சி அறிக்கை வாங்க அவர் வந்தபோதும், நாங்கள் மைப்பெட்டியைத்தான் நகர்த்தி வைத்திருக்கிறோம். ‘பெயர் எழுதக் கற்றுக்கொள்கிறீர்களா?’ என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தும் முறைகள் பலவற்றைப் படித்த நாங்கள், வாசலில் வந்து நின்ற மாணவியைக் கவனிக்கவில்லை. அந்தக் குறை எங்களுடையதுதான்.

அன்று மூலைத் துணியில் அவருடைய பெயரைப் பெரிய எழுத்தில் நாங்கள் எழுதிக் கொடுத்தோம். ஐந்து எழுத்து. அவர் நீல நூலைக் கோத்து, பின்தையலில் ஒவ்வோர் எழுத்தாகத் தைத்தார். மூன்றாவது எழுத்தில் சுழி தப்பிவிட்டது. “இருக்கட்டும் அக்கா, தெரியாது” என்றோம். “எம் பேரு டீச்சர்” என்று சொல்லி, அதைப் பிரித்து மறுபடியும் தைத்தார். வேன் காத்துக்கொண்டு நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி விட்ட பிறகு அவர் வந்தார். இன்னும் மூன்று தாய்மார்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு மணி நேரம் எழுத்து, ஒரு மணி நேரம் தையல். எழுத்துக்கு நாங்கள் ஆசிரியர், தையலுக்கு அவர் ஆசிரியர். அடுத்த தேர்ச்சி அறிக்கை நாளன்று பேரனோடு வந்தவர், மைப்பெட்டியை ஒதுக்கிவிட்டுப் பேனா கேட்டார். கையெழுத்துப் போட வெகுநேரம் ஆயிற்று. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையாக நின்றார்கள்.

உங்கள் தோட்டத்திலும் ஒரு தையல் நாளை நடத்தலாம். பள்ளி மண்டபமோ கோயில் கொட்டகையோ போதும். வீட்டுக்கு ஐந்து துண்டு என்றால் பதினாறு வீடுகள் சேர்ந்து ஒரு போர்வைக்கு வேண்டிய 80 துண்டுகளைக் கொடுத்துவிடலாம். தைத்தவுடன் துவைத்துப் பாருங்கள். நம் தாயாருக்குப் போர்த்துவோமா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் மட்டும் கொடுங்கள். போர்வையின் மூலையில் பெயர்களைத் தைக்க மறவாதீர்கள். அந்த நேரத்தில் யாராவது எழுந்து கோப்பை கழுவப் போனால், அவர் பின்னால் போய்ப் பாருங்கள்.