வேலி வேண்டும், எல்லையும் தெரிய வேண்டும்

சிறுவர் கண்ணில் ஆபாசக் காட்சி படக்கூடாது என்பதில் ஹூஸ்டனில் கூடியிருக்கும் இந்த அவையில் இரண்டு கருத்து இருக்க முடியாது. அதைத் தடுக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968இலேயே கின்ஸ்பெர்க் வழக்கில் ஒப்புக்கொண்டது. பெரியவர்கள் தாராளமாக வாங்கக்கூடிய பத்திரிகையைக்கூட 17 வயது நிறையாதவருக்கு விற்கக்கூடாது என்று சட்டம் செய்யலாம் என்றது. வேலி வேண்டும், அதில் ஐயமில்லை. அந்த வேலியின் எல்லை எல்லோருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

2023இல் நம் டெக்சாஸ் சட்டமன்றம் நிறைவேற்றி, ஆளுநர் கிரெக் அபட் கையெழுத்திட்ட 12ஆம் செனட் மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குட்பட்டோர் முன்னிலையில் பாலியல் நோக்குடைய நிகழ்ச்சி நடத்தினால் கலைஞருக்கு ஓராண்டு வரை சிறை. நடத்தவிட்ட நிறுவனத்துக்கு மீறல் ஒன்றுக்கு 10,000 டாலர் வரை அபராதம். ஆண், பெண் உடற்கூறுகளை மிகைப்படுத்தும் ஒப்பனைப் பொருள்களோடு செய்யும் பாலியல் சைகையும் இதில் அடங்கும். இதே ஹூஸ்டனில் நீதிபதி டேவிட் ஹிட்னர் அந்த ஆண்டு செப்டம்பரில் சட்டத்துக்குத் தடை விதித்தார். இந்த வாசகப்படி நாடகமும் நடனமும்கூடக் குற்றமாகிவிடலாம் என்றார். 2025இல் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமோ, வாதிகளில் பெரும்பாலோரின் நிகழ்ச்சிகள் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை, அவர்களுக்கு வழக்காடும் தகுதியில்லை என்று சொல்லி அந்தத் தடையை விலக்கியது. சட்டம் படித்த நீதிபதிகளே ஒரே வாசகத்தை இரண்டு விதமாகப் படித்தால், ஊர் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நாடகம் போடுபவர் எதை நம்பி மேடையேறுவார்?

இது தமிழர்களான நமக்கு அந்நியமான கவலை அன்று. நம் தெருக்கூத்தில் ஆண்களே பெண் வேடம் கட்டுகிறார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கொச்சையாகவும் பேசுவான். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பிள்ளைகள். 1954இல் சென்னை மாநிலம் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் கொண்டுவந்தபோது, ஆபாசத்தையும் மத உணர்வைப் புண்படுத்துவதையும் ஒரே வலைக்குள் போட்டது. அந்த வலை நடிகர் எம்.ஆர்.ராதாவின் நாடகங்கள்மேல் விழுந்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2013இல்தான் செல்லாதென்றது. ஒரு தவறான சட்டத்தை விலக்க 59 ஆண்டுகள்!

“பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் கொஞ்சம் அகலமாக இருந்தால் என்ன குற்றம்?” என்று கேட்பீர்கள். அகலமான சட்டம் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் கிடக்கிறது. அதுவரை அது எந்தப் பிள்ளைக்கும் உறுதியான காவல் இல்லை. “பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள், சட்டமே எதற்கு?” என்பார் வேறு சிலர். இரண்டு வேலைக்கு ஓடும் தாய் எல்லா இடத்திலும் கூடவே நிற்க முடியாது. அவளுக்குத் துணை நிற்பது அரசின் கடமை.

டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுதோறும் ஜனவரியில் ஆஸ்டினில் கூடுகிறது. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். நிகழ்ச்சியை முழுமையாகப் பார்த்து மதிப்பிட வேண்டும். ஆறு வயதையும் பதினேழு வயதையும் ஒன்றாக்கக் கூடாது. கலை மதிப்புள்ள படைப்புக்குத் தெளிவான விலக்கு வேண்டும். இந்த மூன்றையும் சட்டத்தின் வாசகத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளையும் காப்போம், கலையையும் காப்போம்.