பள்ளியை எழுப்பிய கைகள்



நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மேடையில் கற்பனை நாடொன்றின் கதையைச் சொல்ல விழைகின்றோம். கதை கற்பனையே, அது எழுப்பும் வினா நம்முடையது.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் (1929–2018) எர்த்சீ என்னும் தீவுலகைப் படைத்தார். 1968இல் வெளிவந்த முதல் நூலில், ரோக் என்னும் தீவில் மந்திரக் கல்விக்கூடம் ஒன்று வருகிறது. அங்கே ஆசிரியரும் ஆண்கள், மாணவரும் ஆண்கள். அதனை நிறுவியோர் யார் என்பதை 33 ஆண்டுகள் கழித்து, 2001இல் வெளிவந்த கதைத் தொகுப்பில்தான் அவர் விரித்துரைத்தார்.

மன்னரற்ற இருண்ட காலம் அது. கொள்ளைத் தலைவர்கள் மக்களை அடிமை கொள்கின்றனர். கற்றோர் தம் கலையை அவர்களுக்கு விற்கின்றனர். படகுத் தச்சரின் மகனான மெத்ரா, பாதரசச் சுரங்கப் பணிக்கு இழுத்துச் செல்லப்படுகிறான். அங்கே நஞ்சேறிச் சாகும் நிலையிலிருந்த அனியெப் என்னும் அடிமைப்பெண் அவன் விடுதலைக்குத் துணை நிற்கிறாள், தான் மடிகிறாள். அவளுடைய தாயைச் சந்தித்த பின்னரே, ‘கை’ என்னும் மறைவான தோழமையை அவன் அறிகிறான். தலைவரில்லாத அத்தோழமையில் பெரும்பாலோர் பெண்கள். மூடிய கையை விரித்துக் காட்டுவதே அவர்தம் அடையாளம்.

தேடியலைந்து அவன் ரோக் தீவை அடைகிறான். பகைவரால் சூறையாடப்பட்ட தீவு அது. எஞ்சியோர் காற்றையே அரணாக்கி வாழ்கின்றனர். எலெஹால், யாஹன் என்னும் பெண்களும் மெத்ராவும் பிறரும் கூடிப் பேசி, கற்றதை ஒளிக்காமல் கற்பிக்கும் பள்ளியைத் தொடங்குகின்றனர். மெத்ரா ஏற்ற பணி வாயில் காப்பது.

பின்னர் நிகழ்ந்தது என்ன? ஏறத்தாழ 80 ஆண்டுகளில் தலைமைப் பதவி ஒன்று தோன்றிற்று. அதில் முதலில் அமர்ந்த ஹால்கெல், பெண்களைப் பள்ளியினின்று விலக்கினார். ஒன்பது ஆசான்களில் எதிர்த்தவர் இருவரே. அவருள் ஒருவர் வாயிற்காவலர்.

கதவடைப்பு இன்னதென்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வகுப்பறையில் தனியே சாக்கு விரித்து அமர்ந்து படித்த அண்ணல் அம்பேத்கரின் வழிவந்தோர் நாம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ரோக் பள்ளியின் கதவை அடைத்தவர் கொள்ளையர் அல்லர். அப்பள்ளியின் தலைமையில் அமர்ந்தவர்.

இவ்விழா அழைப்பிதழில் தலைவர், செயலாளர் பெயர்கள் உள்ளன. அவர்தம் தொண்டினை வணங்குகின்றோம். ஆனால், உலைக்கு எடுத்த அரிசியில் ஒரு பிடியைக் கழகத்திற்கென எடுத்து வைத்த தாய்மாரின் பெயர்கள் எங்கே? கூலி வாங்காமல் கூரை வேய்ந்தவர் பெயர்கள் எங்கே? அவர்களில் சிலர் இதோ, பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர்.

இளைஞர்களே! வீடுதோறும் சென்று அப்பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். விழா மலரின் முதற்பக்கம் அவர்களுக்கு உரியதாகட்டும். பதவிகள் வரும், போகும். நம் கதவருகே மட்டும் எந்நாளும் ஒருவர் நின்று, வருவோரை வரவேற்கட்டும்.